கியோன் தேரோட்டம்: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

கியோட்டோவின் கியோன் திருவிழா ஜூலை 1 முதல் 31 வரை நடக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் 17-ஆம் தேதி காலை ஷிஜோ தெருவில் ஐந்தாவது ஆறாவது வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர்கள் தூக்கிப் பிடித்த கைபேசித் திரையில் தேரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கூட்டம் ஒரு காரணம்தான். தேர் எந்த இடத்தில் என்ன செய்யும், எத்தனை மணிக்குச் செய்யும் என்று தெரியாமல் வருவதே பெரிய காரணம். அது தெரிந்தால் நல்ல இடம் கிடைக்கும், வெயிலில் பாதி நேரம் மிச்சமாகும்.

முதலில் அடிப்படை. 869-இல் நாடெங்கும் கொள்ளைநோய் பரவியபோது, அன்றைய ஜப்பானின் மாகாணங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் 66 நீள் ஈட்டிகளை நட்டு வழிபட்டார்கள். அந்த ஈட்டியின் பெயர் ஹோகோ. இன்று 25 மீட்டர் உயரத்துக்கு எழும் தேர்களுக்கும் அதே பெயர்தான் (தேரின் பெயரோடு சேரும்போது போகோ என்று மாறும்). உச்சியில் இன்னமும் ஈட்டியோ பிறையோ வேறு சின்னமோ இருக்கும். ஹோகோவைவிடச் சிறியவை யாமா. அவற்றில் பைன் மரக் கிளை ஒன்றும், பழங்கதைக் காட்சி ஒன்றைச் சொல்லும் பொம்மைகளும் இருக்கும். இவை போக, கப்பல் வடிவத் தேர்களும், குடையைச் சுற்றி ஆடிக்கொண்டு வரும் குழுக்களும் உண்டு.

இந்தத் தேர்கள் சாமியைச் சுமப்பவை அல்ல. இதைப் பலர் கடைசிவரை புரிந்துகொள்வதில்லை. இந்த விழாவுக்குரிய யாசகா கோயிலின் தெய்வம் சுசானோவோ, 17-ஆம் தேதி மாலை மிகோஷி எனும் பல்லக்கில்தான் புறப்படுகிறார். அதற்கு முன்னால் தெருக்களில் அலையும் தீய சக்திகளைக் கவர்ந்து இழுத்து, வழியைச் சுத்தப்படுத்துவதுதான் காலைத் தேர்களின் வேலை. அதனால்தான் ஊர்வலம் முடிந்த கையோடு, அன்றைக்கே தேர்களைப் பிரித்துவிடுகிறார்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வெறும் தெருதான் மிஞ்சியிருக்கும்.

தேரோட்டம் இரண்டு. 17-ஆம் தேதி நடப்பது சாக்கி மட்சுரி, அதாவது முன்விழா. அதில் 23 தேர்கள். 24-ஆம் தேதி நடப்பது ஆதோ மட்சுரி, பின்விழா. அதில் 11 தேர்கள். 1966-இல் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தார்கள். 2014-இல் மீண்டும் பிரித்தார்கள். 1864-இன் பெருந்தீயில் எரிந்துபோன ஓஃபுனே-போகோ எனும் கப்பல் தேர் அதே ஆண்டில் புதிதாகக் கட்டப்பட்டு ஊர்வலத்துக்குத் திரும்பியது. 1826-இல் புயல்மழையில் சேதமடைந்து நின்றுபோன தாக்கா-யாமா, 196 ஆண்டுகள் கழித்து 2022-இல் திரும்பியது.

ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் 24-ஆம் தேதியைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. தேர் குறைவுதான். ஆனால் முன்வரிசையில் நிற்கலாம், வடம் இழுப்பவர்களின் மூச்சு கேட்கும், தேரில் தொங்கும் துணியின் நெசவு கண்ணுக்குத் தெரியும். முதல்முறை வருபவர்கள் 17-ஐ விட்டுவிட மனம் வராமல் தவிப்பார்கள், நியாயம்தான். உயரமான ஹோகோக்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வருகின்றன. முதல் தேரின் முகப்பில் வரும் சிகோ எனும் சிறுவனும் அன்றைக்குத்தான். இரண்டும் வேண்டுமென்றால் இடையிலிருக்கும் ஆறு நாளையும் கியோட்டோவிலேயே கழிக்கலாம், விழா ஒரு நாளும் நிற்பதில்லை.

17-ஆம் தேதியின் வழித்தடத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்கு ஷிஜோ-கராசுமா சந்திப்பிலிருந்து கிழக்கே புறப்படும். முதல் தேர் 9:35 அளவில் ஷிஜோ-கவராமாச்சி மூலையை அடைந்து வடக்கே திரும்பும். 10:20 அளவில் நகர அலுவலகம் இருக்கும் கவராமாச்சி-ஓய்கே மூலையில் மேற்கே திரும்பும். 11:20 அளவில் ஷின்மாச்சி தெருமுனையை எட்டும். இவை எல்லாம் முதல் தேருக்கான நேரங்கள். ஒரே இடத்தில் நின்றால் 23 தேர்களும் கடந்து முடிய ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். 24-ஆம் தேதி திசை தலைகீழ். 9:30-க்குக் கராசுமா-ஓய்கேயிலிருந்து கிளம்பி, 10 மணிக்குக் கவராமாச்சி-ஓய்கே, 10:40-க்கு ஷிஜோ-கவராமாச்சி, 11:20-க்கு ஷிஜோ-கராசுமா.

ஷிஜோ தெருவில் நிற்பவர்களுக்கு இரண்டு சடங்குகள் கிடைக்கும். சாக்காய்மாச்சி குறுக்குத்தெருவில் வரிசைச் சரிபார்ப்பு. தேர்களின் வரிசையை ஜூலை 2-ஆம் தேதி சீட்டுப் போட்டு முடிவுசெய்கிறார்கள். ஊர்வல நாளன்று அந்தச் சீட்டு இருக்கும் பெட்டியின் கயிற்றை விசிறியாலேயே அவிழ்த்து, மூடியைத் திறந்து, பழங்கால நடுவர் உடையில் அமர்ந்திருக்கும் மேயரிடம் காட்ட வேண்டும். கை படக்கூடாது. சில தேர்களுக்குச் சீட்டே கிடையாது, இடம் நிரந்தரம். நகினாதா-போகோ எப்போதும் முதலில், ஃபுனே-போகோ எனும் கப்பல் தேர் எப்போதும் முன்விழாவின் கடைசியில். இன்னும் கொஞ்சம் கிழக்கே, ஃபுயாச்சோ குறுக்குத்தெருவில் சாலைக்குக் குறுக்கே புனிதக் கயிறு கட்டியிருக்கும். நகினாதா-போகோவின் முகப்பில் நிற்கும் சிகோ அதை வாளால் ஒரே வெட்டில் அறுப்பான். மற்ற ஹோகோக்களில் சிகோவின் இடத்தில் பொம்மைதான். உயிருள்ள சிறுவன் இந்த ஒரு தேரில் மட்டுமே. 13-ஆம் தேதி யாசகா கோயிலில் சடங்கு முடிந்தபின் அவன் கால் வெளியே தரையில் படக்கூடாது என்பதால், தேருக்குக்கூட ஒருவர் தோளில் சுமந்துதான் ஏற்றுகிறார்.

கயிறு வெட்டும் இடத்தில் கூட்டம் மிக நெருக்கம். நிகழ்ச்சி ஒரு நொடியில் முடிந்துவிடும். அதற்காக விடியற்காலையிலிருந்து நிற்பது எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஷிஜோவின் நடைபாதைகளுக்கு மேலே கூரை இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நிழல் கிடைக்கும், ஆனால் கூரைக்கு அடியில் நின்றால் ஹோகோவின் உச்சி தெரியாது. தேரின் முழு உயரத்தையும் காண வேண்டுமென்றால் ஓய்கே தெருவுக்குப் போங்கள். சாலை அகலம், மேலே மறைப்பு இல்லை. கட்டண இருக்கைகளும் அங்கேதான். சீட்டு விற்பனை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். ஆனால் அந்த இருக்கைகளுக்கு நிழலே கிடையாது. வயதானவர்களை அங்கே உட்காரவைப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

நடுவழி ஒன்று உண்டு: கவராமாச்சி தெருவின் கிழக்கு நடைபாதை. அந்தத் தெரு தெற்கு வடக்காக ஓடுகிறது. காலை 10 மணி வரை கிழக்குப் பக்கக் கட்டடங்களின் நிழல் உங்கள் மேல் விழும், வெயில் தேரின் பக்கவாட்டில் படும். படம் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. மேற்கு நடைபாதையில் நின்றால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும், தேர் கறுப்பு உருவமாகத்தான் பதியும்.

இனி இந்த விழாவின் உயிரான விஷயம்: மூலையில் தேரைத் திருப்புவது. சுஜிமவாஷி என்பார்கள். 12 டன் வரை எடை, ஏறக்குறைய 2 மீட்டர் விட்டமுள்ள மரச்சக்கரங்கள் நான்கு, அச்சு திரும்பவே திரும்பாது. நேராக மட்டுமே உருளக்கூடிய ஒன்றை 90 டிகிரி திருப்பியாக வேண்டும். உருட்டித் திருப்ப முடியாது என்பதால் வழுக்கவைத்துத் திருப்புகிறார்கள்.

செயல்முறையைத் தெரிந்துகொண்டு பாருங்கள். தேர் மூலையின் நடுவில் வந்து நின்றதும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போடுவார்கள். பிளந்த பச்சை மூங்கில் பட்டைகளை முன்சக்கரங்கள் போக வேண்டிய பக்கம் பார்த்துத் தரையில் வரிசையாகப் பரப்புவார்கள். தேரை மெதுவாக நகர்த்தி முன்சக்கரங்களை அதன்மேல் ஏற்றுவார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். வடங்களை முன்பக்கத்திலிருந்து அவிழ்த்துப் பக்கவாட்டுக்கு மாற்றுவார்கள். தேரின் முகப்பில் வழக்கமாக இரண்டு பேர் விசிறியோடு நின்று குரல் கொடுப்பார்கள். திருப்பத்தின்போது அது நான்காகும். "யோய் யோய் யோய் தோ செய்!" என்று விசிறியை வீசும் அதே கணத்தில் நாற்பது ஐம்பது பேர் ஒரே மூச்சில் இழுப்பார்கள். முன்சக்கரங்கள் மூங்கிலில் சறுக்கிப் பக்கவாட்டில் நகரும். ஓர் இழுப்புக்குச் சுமார் 30 டிகிரி. நன்றாகப் போனால் மூன்று இழுப்பில் முடிந்துவிடும்.

நன்றாகப் போகாமல் இருக்கவும் காரணங்கள் உண்டு. தண்ணீர் போதாவிட்டால் மூங்கில் வழுக்காது, தேர் குலுங்கிவிட்டு அங்கேயே நிற்கும். இழுப்பில் கால் நொடி முன்பின் ஆனாலும் விசை பிரிந்துபோகும். சக்கரம் மூங்கிலின் விளிம்பிலிருந்து தாருக்கு இறங்கிவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும். அப்போது நான்காவது, ஐந்தாவது இழுப்பு ஆகும், பின்னால் வரும் தேர்கள் எல்லாம் காத்து நிற்கும். நேரப் பட்டியல் பிந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். இழுப்பவர்களைப் பார்ப்பதோடு நிற்காமல் கூரையையும் பாருங்கள். மேலே தச்சர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். குறுகலான இடங்களில் மின்கம்பத்தையும் கட்டடத்தையும் காலால் உதைத்துத் தேரை விலக்குவது அவர்கள் வேலை. கீழே சக்கரத்தின் அருகே நடப்பவர்கள் நீண்ட கைப்பிடி கொண்ட ஆப்பை உருளும் சக்கரத்தின் முன் சொருகி, அங்குலம் அங்குலமாகத் திசையைச் சரிசெய்துகொண்டே வருவார்கள். ஊர்வலத்திலேயே ஆபத்தான வேலை அதுதான்.

ஷிஜோ-கவராமாச்சி மூலையில்தான் கூட்டம் உச்சம். முன்வரிசைக்குக் காலை 6 மணிக்கே போக வேண்டியிருக்கும். கவராமாச்சி-ஓய்கே மூலை அகலமானது, பின்வரிசையிலிருந்தும் ஓரளவு தெரியும். மூன்றாவது திருப்பமான ஓய்கே-ஷின்மாச்சி முனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அகன்ற சாலையிலிருந்து குறுகிய சந்துக்குள் தேரைச் செலுத்த வேண்டும், அதனால் அங்கே கணக்கு இன்னும் நுட்பமானது. அதன்பின் ஷின்மாச்சி வழியே தெற்கே வீடு திரும்பும் தேர்கள் இருபுறமும் கூரை விளிம்பை உரசுவதுபோல் போகும். இசைக்காரர்களின் மணியொலி சுவரில் பட்டுத் திரும்பும். எல்லோரும் கலைந்துபோன பிறகும் இருப்பவர்களுக்குக் கிடைப்பது இது. ஆனால் சந்து குறுகல் என்பதால் காவலர்கள் இடையில் கயிறு கட்டி நிறுத்தக்கூடும், அவர்கள் சொல்லும் பக்கம் ஒதுங்கிவிடுங்கள். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள்.

தேர் கட்டுவதைப் பார்க்காமல் தேரோட்டம் பார்ப்பது பாதி பார்த்ததுதான். முன்விழாத் தேர்கள் 10-ஆம் தேதி முதல் தெருவிலேயே எழும்பத் தொடங்கும். ஆணி கிடையாது. மரச்சட்டங்களை வைக்கோல் கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்குகிறார்கள். முடிச்சுகள் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைகின்றன. அழகு ஒரு பக்கம். கயிற்றுக் கட்டுக்கு நெகிழ்வு இருப்பதால், திருப்பத்தின் அதிர்வில் சட்டகம் விரிசல் விடாமல் வளைந்து கொடுக்கும், ஆணி அடித்த இணைப்பு அங்கே பிளந்துவிடும். பெரிய ஹோகோக்களைப் படுக்கவைத்து நடுக்கம்பத்தைப் பொருத்தி, பிறகு கயிறு இழுத்து மொத்தமாக நிமிர்த்துவார்கள். இவ்வளவும் பார்க்கக் கட்டணம் இல்லை, கூட்டமும் குறைவு.

கட்டி முடித்ததும் வெள்ளோட்டம் நடக்கும். 12, 13 தேதிகளில் பிற்பகலில், பின்விழாவுக்கு 20-ஆம் தேதி. இதில் வடத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பெண்கள், குழந்தைகள், வெளிநாட்டவர் என்று தடையில்லை. ஊர்வல நாளில் கிடைக்காத வாய்ப்பு. தேர் புறப்படுவதற்கு அரை மணி முன்னால் போய் வடத்தருகே நின்றால் போதும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள காலணி போடுங்கள். முன்னால் நிற்பவரின் குதிகாலை மிதிப்பதும், கயிறு திடீரென இறுகும்போது தடுமாறுவதும்தான் அங்கே நேரும் விபத்துகள்.

ஊர்வலத்துக்கு முந்தைய மூன்று மாலைகள், 14 முதல் 16 வரை, யோய்யாமா. தேர்கள் தத்தம் தெருவில் விளக்கேற்றி நிற்கும். 15, 16 தேதிகளில் மாலை 6 மணிக்கு ஷிஜோவும் கராசுமாவும் நடப்பவர்களுக்கு மட்டும் என்று மூடப்படும், உணவுக்கடைகள் வரிசைகட்டும், நெரிசலும் அப்போதுதான். 14-ஆம் தேதி கடைகளும் கூட்டமும் இல்லாமல் தேர்களை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு தேர்த்தெருவிலும் சிமாகி விற்பார்கள். மூங்கிலிலையைச் சுருட்டிக் கட்டிய காப்பு அது. ஆயிரம் யென் அளவில் இருக்கும். தின்பதற்கல்ல, வீட்டு வாசலுக்கு மேலே ஓராண்டு தொங்கவிட்டுவிட்டு, அடுத்த ஆண்டு திருப்பிக் கொடுப்பார்கள். வழிப்போக்கனாக வந்த தெய்வத்துக்குச் சோறிட்ட ஏழை சோமின் ஷோராயின் வம்சம் நாங்கள் என்று அதில் எழுதியிருக்கும். நோய் அந்த வீட்டைத் தொடாது என்பது நம்பிக்கை. புகழ்பெற்ற தேர்களின் சிமாகி சீக்கிரம் தீர்ந்துவிடும், முதல் நாளே வாங்கிவிடுங்கள். பல தேர்களில் சிமாகி வாங்கினால் மேலே ஏறிப் பார்க்க விடுவார்கள். நகினாதா-போகோவில் பெண்களுக்கு இன்றும் அனுமதி இல்லை. வரிசையில் நிற்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

துணிகளைப் பார்க்கவும் யோய்யாமாவே சரியான நேரம். கான்கோ-போகோவின் முன்திரை 16-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் நெய்தது. ஈசாக்கின் மணப்பெண் ரெபெக்காள் ஆபிரகாமின் ஊழியனுக்குத் தண்ணீர் கொடுக்கும் பைபிள் காட்சி அதில் இருக்கிறது. கொய்-யாமாவில் டிராய் மன்னன் பிரியாம். கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த நாட்டில், கியோட்டோ வணிகர்கள் இவற்றை அழகுக்காகவும் அருமைக்காகவும் வாங்கித் தேரில் தொங்கவிட்டார்கள். பாரசீகக் கம்பளங்களும் முகலாயர் காலத்து இந்தியக் கம்பளங்களும் உண்டு. பின்விழாத் தேரான மினாமி-கான்னோன்-யாமா குழுவினர் 1684 என்று ஆண்டு குறித்த இந்தியப் பூந்துணி ஒன்றைப் பாதுகாக்கிறார்கள். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் டச்சுக் கப்பல்களில் ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊர்வலத்தின்போது இவை உங்களைக் கடக்க அரை நிமிடம்தான் ஆகும், மழை வந்தால் பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடும். தேர்த்தெருக் கூடங்களில் முந்தைய மாலைகளில் அருகிலிருந்து பார்க்கலாம்.

மழைக்காக ஊர்வலத்தை எளிதில் நிறுத்துவதில்லை. 2015-இல் புயல் நெருங்கிய நாளிலும் தேர்கள் கிளம்பின. குடை வேண்டாம், பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கும், கம்பி கண்ணில் படும். மழைக்கோட்டு, வெயிலுக்கு அகன்ற தொப்பி. முக்காலியும் ஏணியும் கூட்டத்தில் கூடாது.

உண்மையான எதிரி வெக்கைதான். ஜூலை நடுவில் மழைக்காலம் முடியும் தறுவாயில் கியோட்டோ மலைகளுக்கு நடுவே காற்றில்லாமல் புழுங்கும். 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 2018-இல் 24-ஆம் தேதியின் பூக்குடை ஊர்வலத்தையே வெக்கை காரணமாக ரத்து செய்தார்கள். நம் ஊர் வெயில் பழகிய உடம்புதானே என்று அலட்சியம் வேண்டாம். நாம் வெயிலில் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்பதில்லை, அங்கே நிற்கிறோம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்பு மிட்டாய், ஈரத்துண்டு. தலைவலியோ குமட்டலோ வந்தால் இடம் போய்விடுமே என்று பார்க்காமல் வெளியேறி, அருகிலுள்ள சுரங்க ரயில் நிலையத்துக்குள் இறங்கிவிடுங்கள், அங்கே குளிர்ச்சி இருக்கும். கழிவறைக்கும் ரயில் நிலையங்களையே நம்புங்கள். விழா நாட்களில் பல சிறுகடைகள் கழிவறையைப் பூட்டிவிடும், பெரிய அங்காடிகள் 10 மணிக்குத்தான் திறக்கும்.

சைவ உணவுக்காரர்கள் கையில் கட்டிக்கொண்டு போவதே நல்லது. தெருக்கடைகளில் தாக்கோயாக்கியில் ஆக்டோபஸ், வறுத்த நூடுல்ஸில் பன்றி இறைச்சி, பார்ப்பதற்குச் சைவமாகத் தெரியும் இனாரி சோற்றுப்பொதியிலும் மீன் சாறு இருக்கும். கடைகளில் கிடைப்பவற்றில் ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்றுருண்டை ஓரளவு பாதுகாப்பு, ஆனாலும் உறையில் அச்சிட்ட பொருள் பட்டியலைப் பாருங்கள். குப்பையைக் கையோடு எடுத்துப் போக ஒரு பை வேண்டும்.

அந்த நாட்களில் நகரப் பேருந்துகள் சுற்றுவழியில் ஓடும், பேருந்தை நம்பாதீர்கள். கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து கராசுமா சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தம் ஷிஜோ, மூன்றாவது கராசுமா-ஓய்கே. பார்த்துவிட்டுத் திரும்பும்போது எல்லோரும் ஷிஜோ நிலையத்தில்தான் குவிவார்கள். பத்து நிமிடம் தெற்கே நடந்து கோஜோ நிலையத்தில் ஏறினால் நெரிசல் குறைவு.

ஆனால் 17-ஆம் தேதி உடனே திரும்பாதீர்கள். மதியம் அறைக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு, மாலை 5 மணிக்கு யாசகா கோயிலின் மேற்கு வாயில் படிக்கட்டுக்கு எதிரே வந்து நில்லுங்கள். 6 மணிக்குமேல் மூன்று மிகோஷிகளும் அங்கே ஒன்றுசேரும். வெள்ளுடை அணிந்த நூற்றுக்கணக்கானோர் "ஹோய்த்தோ! ஹோய்த்தோ!" என்று கூவியபடி அவற்றைத் தலைக்குமேல் தூக்கிக் குலுக்குவார்கள். பிறகு மூன்றும் தனித்தனி வழியில் ஊரைச் சுற்றி, இரவில் ஷிஜோ-தெராமாச்சியில் உள்ள தற்காலிகச் சன்னிதிக்கு வந்துசேரும். 24-ஆம் தேதி மாலை வரை சாமி அங்கேதான் இருப்பார். அந்த ஒரு வாரத்தில் எந்த நாள் போனாலும் ஷிஜோ நடைபாதையிலிருந்தே மூன்று மிகோஷிகளையும் அருகில் பார்க்கலாம், கட்டணம் இல்லை.